ஸ்டார் நோட்டா, 786 நோட்டா?

எண்ணின் நடுவே நட்சத்திரம் போட்ட ரூபாய் நோட்டு ஸ்டார், ராசி என்று பலர் நம்பும் 786-இல் எண் முடிவது 786 நோட்டு. மூன்று வருடமாக இரண்டையும் சேர்த்தேன். இப்போது 786-ஐ விட்டுவிட்டேன், ஸ்டார் மட்டும்தான். காரணம், விற்கப் போனபோது நடந்தது.

தேடுவதற்கு 786 சுலபம், மொய்க் கவரில்கூடக் கிடைக்கும். ஆனால் நோட்டு எண்ணில் ஆறு இலக்கம், அதனால் வரிசையாக ஆயிரம் நோட்டு அடித்தால் ஒன்று 786-இல் முடிந்தே தீரும்.

ஸ்டார் அப்படியில்லை. நூறு நோட்டுக் கட்டில் ஒன்று அச்சுப்பிழையாகிவிட்டால் முன்பெல்லாம் அதே எண்ணில் இன்னொன்று அடித்து வைப்பார்கள். 2006-லிருந்து அதற்குப் பதில், முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே நட்சத்திரம் போட்ட மாற்று நோட்டு வருகிறது. முதலில் 10, 20, 50 ரூபாயில்தான் வந்தது. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் என் மாமா, சனிக்கிழமைச் சம்பளத்துக்கு எடுத்துவரும் புதுக் கட்டுகளைப் பிரிக்கும் முன் என்னிடம் காட்டுவார். 2023-இல் ஸ்டார் நோட்டு கள்ள நோட்டு என்று வாட்ஸ்அப்பில் சுற்றியபோது, “ஏனுங் மாப்ள, இது செல்லுமுங்களா?” என்று தனியாக எடுத்து வைத்துவிட்டார். செல்லும் என்று ரிசர்வ் வங்கியே அந்த ஜூலையில் விளக்கம் கொடுத்தது. மாமா எடுத்து வைத்ததில் எனக்கு நான்கு ஸ்டார் கிடைத்தது.

சரி, விற்பனைக்கு வருவோம். கோவையில் ஒரு நாணயக் கண்காட்சிக்கு இரண்டு ரகத்தையும் கொண்டுபோனேன். 786-ஐ முதல் கடைக்காரர் கையிலேயே வாங்கவில்லை, அடுத்தவர் ஐந்துக்கும் சேர்த்து முகமதிப்புக்கு மேல் நூறு ரூபாய் தருவதாகச் சொன்னார். அதை விரும்பி வாங்குபவர் நேரில் வந்தால்தான் அதற்கு விலை. ஸ்டாரை நீட்டியதும் அவர் பார்த்த விதமே வேறு: எந்த ரிசர்வ் வங்கிக் கவர்னர் கையெழுத்து, பின்பக்கம் எந்த வருடம், எண்ணுக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் எழுத்து எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, “இந்த எழுத்து நம்மகிட்ட இல்லீங்க” என்றார். இப்படி ஒவ்வொரு வகையிலும் ஒன்று என்று செட் சேர்ப்பவனுக்கு ஒரு இடம் காலியாக இருந்தால் அது உறுத்திக்கொண்டே இருக்கும், அந்த உறுத்தல்தான் ஸ்டாருக்கு விலை கொடுக்கிறது. ஒரு பத்து ரூபாய் நோட்டுக்கு 150 கொடுத்தார். அதே ரகத்தில் நடுவே ஒரு மடிப்பு விழுந்த நோட்டுக்கு 40தான், அதனால் பர்ஸில் மடித்து வைக்காதீர்கள்.

எல்லா ஸ்டாருக்கும் இப்படிக் கிடைக்காது. நான் கொண்டுபோன 500 ரூபாய் ஸ்டாரை அதே 500-க்குத்தான் கேட்டார்கள். அப்புறம் 000001, 111111 மாதிரி எண்கள் வேறு சங்கதி. அவை என் கைக்கு வந்ததில்லை, விலை சொல்லும் அனுபவம் எனக்கில்லை.

786 நோட்டுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிக் காசு கேட்கிறார்கள் என்று 2021-இலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது.

நான் இப்போது தேடுவது முன்னாள் கவர்னர் ஒய்.வி. ரெட்டி கையெழுத்துள்ள மடிப்பில்லாத பத்து ரூபாய் ஸ்டார். ஈரோட்டுப் பக்கம் யாரிடமாவது இரண்டு இருந்தால், என்னிடம் அவருக்குப் பின் வந்த சுப்பாராவ் கையெழுத்தில் ஒன்று கூடுதலாக இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம்.