மாஷுக்கு ஆணு, எனக்கு ஒன்றும் இல்லை: ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அனுபவம்

மகள் பள்ளிக்கூடத்தில் மிஸ்ஸிடம் நாலு வார்த்தை பேசலாமே என்றுதான் கேரளாவில், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன், பேர் வேண்டாம். மாதம் 900 ரூபாய், வாரத்துக்கு மூன்று சாயங்காலம்.

மாஷ் (இங்கே வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) நல்ல மனுஷர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் வாரமே ஆம், இஸ், ஆர் மூன்றையும் போர்டில் எழுதி, "இது நம்ம ஆணு, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார். ஆணு என்பது மலையாளத்தில் ஆம், இஸ், ஆர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சொல்: ஞான் டெய்லர் ஆணு, அவள் டெய்லர் ஆணு. வகுப்பில் பாதிப்பேர் தமிழ், நமக்கு ஏது ஆணு? நான் டெய்லர், அவ டெய்லர், அதோடு சரி, வினைச்சொல்லே கிடையாது. அதனால் நாங்கள் ஐ டெய்லர், ஷி டெய்லர் என்றோம், பக்கத்து பெஞ்சு மலையாளிப் பெண்ணோ எதையாவது ஒன்றைப் போட்டுவிடுவாள், ஆணு எல்லாருக்கும் ஒன்றே என்பதால் ஐ இஸ், தே இஸ் என்று ஆள்தான் மாறிப்போகும். இரண்டும் வேறு வேறு தப்பு, மாஷ் இரண்டுக்கும் ஒரே திருத்தம் கொடுத்தார்!

அதை மனப்பாடம் செய்த பிறகு இன்னொரு கூத்து. எங்கே பார்த்தாலும் ஆம் போட ஆரம்பித்தேன், ஐ ஆம் கோ, ஐ ஆம் ஸ்டிச். கோ இருந்தால் ஆம் வேண்டாம், கோயிங் என்றால்தான் ஆம் வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை, மகள்தான் வீட்டில் சொன்னாள். எனக்கு இரண்டுமே போகிறேன்தான், குழப்பம் வராமல் என்ன செய்யும்.

ஷி கோஸ் பாடத்துக்கு மட்டும் இரண்டு வாரம் ஓட்டினார். மலையாளத்தில் யார் போனாலும் போகுன்னு, அவர்களுக்கு அது கஷ்டம், நியாயம்தான். போகிறேன், போகிறாய், போகிறாள் என்று ஆளுக்கொரு வால் வைத்துப் பேசுகிற எனக்கு அது சட்டென்று புரிந்தது, பேசும்போது அந்த எஸ் விழுந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.

பேச வைப்பதில் குறையில்லை, தப்பாகச் சொன்னாலும் யாரும் சிரிக்கவில்லை. ஐந்துக்கு மூன்று ஸ்டார். மலையாளம் நன்றாகத் தெரிந்தவர்கள் தாராளமாகச் சேரலாம். தமிழுக்குத் தனி பேட்ச் போடச் சொல்லியிருக்கிறேன், யோசிக்கிறேன் என்றார், போட்டால் மறுபடி 900 கட்டுவேன்.