இரட்டைப் பிரசவத்துக்கு வேலூரில் ஒரு மருத்துவமனை: எங்கள் அனுபவம்

குடியாத்தத்தில் இருக்கும் என் தங்கைக்கு இரட்டைக் குழந்தைகள் என்று தெரிந்ததும், முதலில் பார்த்த இடத்தில் "இரட்டை என்றால் சிசேரியன்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஆகவே ஏழாம் மாதத்தில் வேலூரிலுள்ள ஒரு தனியார் மகப்பேறு மருத்துவமனைக்கு மாறினோம். இந்த மதிப்பீடு அதைப் பற்றியது.

இங்கே மருத்துவர் ஸ்கேன் அறிக்கையில் முதலில் தேடியது, நஞ்சுக்கொடி (கருவுக்கு ஊட்டம் தரும் உறுப்பு) ஒன்றா இரண்டா, பனிக்குடம் (குழந்தையைச் சூழ்ந்த நீர்ப்பை) தனித்தனியா என்பதைத்தான். ஒரே பனிக்குடத்தில் இரு குழந்தைகளும் இருந்தால் தொப்புள்கொடிகள் சிக்கிக்கொள்ளும் என்பதால் 32 முதல் 34 வாரத்துக்குள் சிசேரியன் செய்துவிடுவது வழக்கம் என்றும், தங்கைக்கு இரண்டுமே தனித்தனியாக இருப்பதால் 37ஆம் வாரம் வரை காத்திருக்கலாம், முன்னால் இருக்கும் குழந்தையின் தலை கீழே இருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம் என்றும் விளக்கினார். 25 நாடுகளில் சுமார் 2,800 பெண்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்டவர்களுக்குத் திட்டமிட்ட சிசேரியனால் குழந்தைகளுக்குக் கூடுதல் நன்மை தெரியவில்லையாம். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். சுகப்பிரசவத்துக்கென்று ஒதுக்கப்பட்டவர்களிலும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோருக்குச் சிசேரியனே ஆனதையும், முதல் குழந்தை பிறந்தபின் இரண்டாவது குறுக்கே கிடந்தால் கையால் திருப்பவோ காலைப் பிடித்து எடுக்கவோ நேரும் என்பதையும், அதுவும் இயலாமல் போனால் தாய் ஒரே நாளில் இரண்டு வகைப் பிரசவத்தையும் தாங்க வேண்டிவரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. தங்கையின் மாமியார் ஜோசியரிடம் குறித்துவந்த நேரத்தை நீட்டியபோதும், பிரசவ நாளைக் கர்ப்பத்தின் வாரக்கணக்குதான் முடிவு செய்யும் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார்.

தங்கை சுகப்பிரசவத்தையே விரும்பினாள். ஆனால் 36ஆம் வார ஸ்கேனில் முன்னாலிருந்த குழந்தை புட்டம் கீழாகத் திரும்பியிருந்தது. அதனால் அடுத்த வாரமே சிசேரியன் நடந்தது. முதலிடத்தில் சொன்ன அதே முடிவுதான் என்றாலும், இம்முறை காரணம் தெரிந்து கையெழுத்துப் போட்டாள். இரு குழந்தைகளுக்கும் தனித்தனிக் குழந்தை மருத்துவர் அறுவை அரங்கிலேயே நின்றிருந்தார்கள்.

குறை, கட்டணப் பிரிவில். சுகப்பிரசவத்துக்கு எவ்வளவு, சிசேரியனுக்கு எவ்வளவு, பச்சிளம் குழந்தைப் பிரிவுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்று எழுதித் தரும்படி மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. கடைசியில் தந்தது, பழைய சீட்டு ஒன்றின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிய மூன்று எண்கள்.