வேகத்தைக் குறைக்கவே ஒரு யூஎஸ்பி 2.0 ஹப்

ஒரு யூஎஸ்பி போர்ட்டை நாலாகப் பிரிக்கும் டப்பாதான் ஹப். இந்தக் காலத்தில் பழைய தலைமுறையான யூஎஸ்பி 2.0 ஹப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: வேகத்தைக் குறைக்கத்தான். என் லேப்டாப்பில் இருப்பதெல்லாம் அதைவிட வேகமான 3.0 போர்ட். மலிவான டப்பாவுக்குள் போட்ட எஸ்எஸ்டியை (சுழலும் பாகமில்லாத டிஸ்க்) அதில் நேராக மாட்டினால், பெரிய ஃபைல் காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் காணாமல் போகும், தானாகத் திரும்பி வரும், மறுபடி போகும். பக்கத்தில் வயர்லெஸ் மவுஸின் டாங்கிள் (சிக்னல் வாங்கும் குட்டிச் சாதனம்) இருந்தால் அதுவும் திக்கும், ஏனென்றால் 3.0 சிக்னல் ஓடும்போது, மவுஸ் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கம் இரைச்சல் கசியும். இதை இன்டெல்லே 2012-இல் எழுதி வைத்திருக்கிறது.

நடுவில் இந்த நாலு போர்ட் ஹப்பை மாட்டியதும் இரண்டு தொல்லையும் போயே போச்சு. எந்த செட்டிங்கும் தொட வேண்டாம். 3.0-க்கு வேண்டிய கூடுதல் ஐந்து பின்கள் இதில் கிடையாது, பழைய நாலுதான், அதனால் டிஸ்க் தானாகவே 2.0-இன் வேகமான நொடிக்கு 480 மெகாபிட்டுக்கு இறங்கிவிடுகிறது. லினக்ஸில், மாட்டியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி (lsusb -t) கட்டளையை மர வடிவில் ஓட்டிப் பாருங்கள், 5000 என்று காட்டிய இடத்தில் 480 என்று வரும்.

விலை? வேகம்தான் விலை. காகிதத்தில் நொடிக்கு 60 மெகாபைட், கையில் கிடைப்பது 35, 40. பத்து ஜிபி ஏற நாலைந்து நிமிடம் ஆகும், அதையும் மற்ற மூன்று போர்ட்டுகளோடு பங்கு போட வேண்டும். ராத்திரி பேக்கப் ஓடவிட்டுத் தூங்குபவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, வீடியோ எடிட் செய்பவர் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

இன்னும் கீழே, நொடிக்கு 12 மெகாபிட்டுக்கு இறக்க வேண்டும் என்றால் இந்த ஹப் உதவாது. அதற்கு 2.0-க்கும் முந்தைய 1.1 ஹப்தான் வேண்டும், பழைய சாமான் கடைகளில் தேடுங்கள். 3.0 ஹப் வாங்கினாலும் பிரயோஜனமில்லை, அதற்குள் 2.0 ஹப் ஒன்றும் 3.0 ஹப் ஒன்றும் தனித்தனியாக இருப்பதால் டிஸ்க் வேகமான பாதையையே பிடித்துக்கொள்ளும்.

ஒரே குறை மின்சாரம். தனி அடாப்டர் இல்லை, 2.0 இணைப்புக்கு லேப்டாப் போர்ட் தரும் 500 மில்லி ஆம்பியரை நாலு பேரும் பிரித்துக்கொள்ள வேண்டும். எஸ்எஸ்டி சமாளிக்கிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும், அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்து அடாப்டரோடு வரும் 2.0 ஹப்பாகவே வாங்குங்கள்.