குவான்சௌவின் மேலத்தெரு: சுசீந்திரத்தில் இருந்தபடியே ஒரு நேரலை உலா

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துக் கடலோர நகரமான குவான்சௌவின் பழைய கோயில் தெருவை, அந்த மாகாணத்தில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளைக் கொண்டு கைப்பேசி வழியே நேரலையில் சுற்றிக்காட்டும் சேவை ஒன்றைச் சிறிய பயண நிறுவனம் ஒன்று நடத்தி வருகிறது. ஆளுக்கு 400 ரூபாய் கட்டணம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, சுசீந்திரத்தில் எங்கள் வீட்டுப் பட்டாசாலையில் பதினொரு பேர் பெரிய திரையின் முன் அமர்ந்து அதைப் பார்த்தோம். அங்கே அப்போது காலை எட்டு மணி. வழிகாட்டியாக வந்த மாணவி மார்த்தாண்டத்துப் பெண்.

தெருவின் சீனப் பெயருக்கு மேலத்தெரு என்றுதான் பொருள். அதைச் சொன்னதுமே எங்கள் கூட்டத்தில் ஒரு நெருக்கம் வந்துவிட்டது. கோயிலைச் சுற்றிக் கீழத்தெரு, மேலத்தெரு என்று வாழ்ந்து பழகியவர்கள் நாங்கள். மணிக்கூண்டில் தொடங்கி மேற்கே நடந்தால், செங்கல் வீடுகளுக்கும் தின்பண்டக் கடைகளுக்கும் இடையே கைய்யுவான் கோயில் வருகிறது. முசுக்கட்டைத் தோட்டமாக இருந்த நிலத்தில் 686ஆம் ஆண்டு எழுந்த பௌத்தக் கோயில் அது. அந்த மரங்களில் வெண்டாமரை பூத்ததாகத் தலபுராணம் சொல்வதால் முதலில் தாமரைக் கோயில் என்றே பெயர். இப்போதைய பெயர் 738இல் தாங் பேரரசரின் ஆணைப்படி வந்தது. இவ்விடம் பழங்காலத்தில் புத்த நாடு எனப்பட்டது, தெருவெங்கும் ஞானிகளே என்ற கருத்தில் சூ சி என்ற சோங் காலத்து அறிஞர் இயற்றிய ஈரடி வாயிலில் இருக்கிறது. மாணவி அதைச் சீனத்தில் ஒருமுறை வாசித்து, பிறகு நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொன்னார்.

இந்த உலாவின் உயிர் பெரிய மண்டபத்தின் பின்புறத்தில் இருக்கிறது. நூறு தூண் மண்டபம் என்று பெயர் பெற்றிருந்தாலும் அங்கே உள்ள தூண்கள் 86தான். ஆயிரங்கால் மண்டபம் என்று நாம் அழைப்பவற்றிலும் கணக்கு அப்படித்தானே இருக்கிறது. பின்தாழ்வாரத்தில் நிற்கும் இரண்டு தூண்கள் மட்டும் மற்றவற்றோடு சேராதவை. பதினாறு பட்டை, இடையிடையே சதுரம், சதுரத்தின் முகத்தில் வட்டம், வட்டத்துக்குள் சிற்பம் என்று நம் ஊர் ஸ்தபதியின் கைமுறை அப்படியே தெரிகிறது. மாணவி கைப்பேசியைத் தூணுக்கு ஒரு முழத் தொலைவில் பிடித்து, மெல்ல மேலிருந்து கீழாக நகர்த்தினார். மடியில் கிடத்திய இரணியனின் வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மர் வந்தார். உரலோடு இரண்டு மரங்களுக்கு நடுவே கண்ணன் வந்தான். முதலை பற்றிய யானை வந்தது. "நம்ம கஜேந்திர மோட்சம்லா இது!" என்று என் அக்காள் எழுந்தே நின்றுவிட்டாள். திருவட்டாறு கோயில் பிரகாரத்திலும் எங்கள் தாணுமாலயன் கோயில் மண்டபங்களிலும் வருடக்கணக்கில் பார்த்த கண்களுக்கு அந்தச் சாம்பல் பச்சைக் கல் அயலாகத் தோன்றவில்லை. மண்டபத்தின் முன்மேடையில் மனித முகமும் சிங்க உடலுமாக 70க்கும் மேற்பட்ட புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக ஓடுகின்றன. அவையும் அதே கைவழி வந்தவை.

இங்கேதான் என் முதல் குறை. நிறுவனம் முன்கூட்டி அனுப்பிய குறிப்புத்தாளில், "சோழர்கள் இந்த இடத்தில் கட்டிய சிவன் கோயில்" என்று இருந்தது. சோழர்கள் என்பது, இந்த இடத்தில் என்பது, இரண்டும் தவறு. மங்கோலியர் சீனத்தை ஆண்ட யுவான் காலத்தில் அந்நகரில் வேறோர் இடத்தில் நின்று அழிந்த கோயிலின் கற்களையே பின்னர் மிங் காலத் திருப்பணியின்போது பௌத்தக் கோயிலில் பயன்படுத்திக்கொண்டார்கள். அக்கோயிலைச் சேர்ந்ததாகக் கருதப்படும், 1956இல் குவான்சௌவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281 என்று தெளிவாகக் காலம் காட்டுகிறது. சோழர் ஆட்சி அதற்கு முன்பே முடிந்து, தமிழகத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்டுகொண்டிருந்தான். சீனத்தை ஆண்டவர் குப்ளாய் கான். தவச்சக்கரவர்த்திகள் சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் உடல்நலத்துக்காக, கானின் ஆணை பெற்று, சிவபெருமானை எழுந்தருளச் செய்தார் என்பதே அதன் செய்தி. தமிழ் வரிகளின் அடியில் சீன எழுத்தும் உண்டு. ஓர் அரசன் படையெடுத்துப் போய்க் கட்டியதாக நினைப்பதைவிட, கடல் கடந்து வணிகம் செய்யப் போன இடத்தில் அந்நாட்டு மன்னனுக்காக வேண்டிக்கொண்டு கோயில் எடுத்தார்கள் என்பது எனக்கு மிகுந்த பெருமை தருகிறது. மாணவியிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்காமல் குறித்துக்கொண்டார். குறிப்புத்தாள் எழுதியவர்களும் திருத்த வேண்டும்.

இரண்டாவது குறை நேரப் பங்கீடு. தொண்ணூறு நிமிடத்தில் கடைகளுக்கே அரைமணி நேரம் போயிற்று. சேமியா போன்ற மெல்லிய இழைக் கஞ்சியைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தூண்களுக்கு முதலில் ஏழே நிமிடம். நாங்கள் கேட்டுக்கொண்டதால் மறுபடியும் போனார். இரட்டைக் கற்கோபுரங்களையும் ஓட்டமாகவே காட்டினார்கள். 1237இல் மேற்குக் கோபுரமும் 1250இல் கிழக்குக் கோபுரமும் முடிந்து, 1604ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தையும் தாங்கி நிற்பவை அவை. மேற்குக் கோபுரத்தில் வாள் ஏந்திய குரங்குமுக வீரன் ஒருவன் இருக்கிறான். பதினெட்டு அடி ஆஞ்சநேயர் நிற்கும் ஊர்க்காரர்களுக்கு அவனைப் பக்கத்தில் காட்டியிருக்க வேண்டாமா?

படமும் ஒலியும் குறையில்லை. மாணவி தானாகச் சொன்ன ஒரு செய்திக்காகவே கட்டணம் தகும். மார்க்கோ போலோ இந்நகரைச் சைத்தூன் என்று எழுதினார். அப்பெயர் இங்கே நிறைந்திருந்த சித்தோங் என்ற மரத்திலிருந்து வந்தது. அந்த மரத்தின் சிவந்த பூவை அவர் காட்டியதும் தெரிந்துவிட்டது, நாம் நல்லமிளகுக் கொடி ஏற்றும் முள்முருக்கு.

பதிவு செய்வோர், தூண்களுக்கு அரைமணி நேரம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நகருக்கு வெளியே சேதியன் என்ற ஊரில், நான்கு கைகளோடு அமர்ந்திருக்கும் பழைய கற்சிலை ஒன்றைக் பௌத்தர்களின் கருணைத் தெய்வமான குவான்யின் தேவியாகக் கருதி ஊர்மக்கள் இன்றும் ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள். அங்கேயும் ஓர் உலா நடத்தும்படி கேட்டிருக்கிறோம். அக்காள் தன் பங்குப் பணத்தை இப்போதே என்னிடம் தந்துவிட்டாள்.