வாடகை ரூஃப் பாக்ஸ்: கூரையில் ஏற்றும் முன் தரையிலேயே திறந்து பாருங்கள்

குடும்பத்தோடு கூடாரமடித்துத் தங்கப் போகும் பயணத்துக்கு காரின் கூரையில் மாட்டும் சாமான் பெட்டியான ரூஃப் பாக்ஸை வாடகைக்கு எடுப்பவர்கள் ஏமாறும் இடம் கடை வாசல்தான். ஆள் வந்து பத்து நிமிடத்தில் பெட்டியைக் கூரையில் ஏற்றி மாட்டிவிடுவார், நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவோம். பெட்டியின் அடித்தட்டு எப்படி இருந்தது என்பதைத் திருப்பிக் கொடுக்கும் நாளில்தான் முதன்முறையாகப் பார்ப்போம். டெபாசிட் கரைவது இப்படித்தான். பெட்டி தரையில் இருக்கும்போதே கால் மணி நேரம் கேளுங்கள். தர மறுக்கும் கடை வேண்டாம்.

கடைக்காரர் வாயில் முதலில் வருவது "75 கிலோ தாங்கும்" என்ற பேச்சு. பெட்டியில் ஒட்டிய சீட்டில் அந்த எண் இருக்கத்தான் செய்யும். ஆனால் அது பெட்டியின் வரம்பு. கார்க் கூரையின் வரம்பு காருடன் வந்த கையேட்டில் இருக்கிறது. பல கார்களில் 50 முதல் 100 கிலோவுக்குள். பெட்டியைத் தாங்கக் கூரையின் குறுக்கே பொருத்தும் கம்பிகளும் காலிப் பெட்டியும் அந்தக் கணக்கிலேயே அடங்கும். கூரை வரம்பு 75 என்று வையுங்கள். கம்பிகள் 5 கிலோ, பெட்டி 20 கிலோ போனால் சாமான்களுக்கு மிஞ்சுவது 50. குறுக்குக் கம்பிக்கும் தனி வரம்பு உண்டு. மூன்றில் எது குறைவோ அதுதான் செல்லும்.

"கூரைக் கூடாரத்தில் இரண்டு பேர் படுத்துத் தூங்குகிறார்களே, கூரை தாங்கவில்லையா?" என்று மடக்குவார்கள். அது நின்ற வண்டி. ஓடும் வண்டியில் பிரேக்கும் வளைவும் குழியும் அதே எடையைப் பல மடங்கு இழுக்கும். கையேட்டின் எண் ஓடும் வண்டிக்கானது. கூடாரத் துணி, தூங்கும் பை, பாய், உடை ஆகியவை மேலே போகலாம். தண்ணீர்க் கேன், அடுப்பு, கருவிப்பெட்டி எல்லாம் டிக்கியின் அடியில். வெயிலில் கொதிக்கும் பெட்டிக்குள் கேஸ் சிலிண்டர் கூடவே கூடாது. மேலே போவதிலும் கனமானதை இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் வைத்து, பெட்டிக்குள் இருக்கும் பட்டைகளால் இறுக்குங்கள். மூக்கிலும் வாலிலும் லேசானது போதும்.

அடுத்தது கிளாம்ப், அதாவது பெட்டியைக் கம்பியோடு கவ்விப் பிடிக்கும் பிடி. பெரும்பாலான பெட்டிகளுக்கு நான்கு. வாடகைப் பெட்டி பல கை மாறியது என்பதால் மூன்று ஒரு வகை, நான்காவது எங்கிருந்தோ வந்த யூ-போல்ட் (U வடிவில் வளைந்த போல்ட்) என்று கொடுப்பது சகஜம். யூ-போல்ட் வகையில் உள்பக்கம் ஒரு தகடு வரவேண்டும். அது தொலைந்துபோய் வெறும் வாஷரோடு இறுக்கினால் நட்டு பிளாஸ்டிக்கை அறுத்துக்கொண்டே போகும். சதுர இரும்புக் கம்பிக்கு அளவெடுத்த கிளாம்பின் தாடை, அகலமான அலுமினியக் கம்பியை முழுதாகக் கவ்வாது. கம்பியின் மேல் பள்ளத்தில் செருகும் வகை என்றால் பள்ளம் 20 மில்லிமீட்டரா 24ஆ என்று அளந்து பாருங்கள். கம்பியைக் கூரையில் பொருத்தும் செட்டும் கார் மாடலுக்கு மாடல் வேறு வேறு. "எல்லா வண்டிக்கும் சேரும்" என்ற வார்த்தை காதில் விழுந்தால் கிளம்பிவிடலாம்.

மாட்டி முடித்ததும் டிக்கிக் கதவை மெல்ல முழுவதும் தூக்கிப் பாருங்கள். பெட்டியின் வாலில் இடித்தால் கண்ணாடி உடையும், பெட்டியும் கீறும். இரண்டும் உங்கள் தலையில்தான் விழும்.

டெபாசிட்டைத் தின்னும் விரிசல்கள் நான்கு இடத்தில் ஒளிந்திருக்கும்: அடித்தட்டில் கிளாம்ப் துளைகளைச் சுற்றி, கீல் மூலைகளில், முன் மூக்கின் அடியில், மூடி வந்து பூட்டும் விளிம்பில். கறுப்பு டேப்போ சிலிக்கான் பசையோ தென்பட்டால் நகத்தால் கிளப்பிப் பாருங்கள். கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடினால் அந்த இடம் ஏற்கெனவே வளைந்து களைத்துவிட்டது என்று பொருள். அடுத்த பயணத்தில் அது பிளக்கும், பழி உங்களுக்கு. மூடி திறந்த நிலையில், அடிப்பக்கமும் தெரிய, இடைவெட்டில்லாமல் ஒரே வீடியோ எடுங்கள். பழைய சேதங்களைக் கடைக்காரர் தாளில் அவர் கையாலேயே எழுத வையுங்கள். "நமக்குள்ள என்ன சார்" என்பவரிடம் இரண்டு மடங்கு எழுதி வாங்க வேண்டும்.

பூட்டைச் சோதிக்காமல் விடாதீர்கள். பல மாடல்களில் எல்லாக் கொக்கிகளும் விழுந்து பூட்டினால்தான் சாவி வெளியே வரும். அந்த மாடல்களில் மூடி திறந்திருக்கும்போதே சாவி உருவிக்கொண்டு வந்தால் அந்தப் பூட்டு தேய்ந்துவிட்டது. நெடுஞ்சாலை வேகத்தில் காற்று மூடியின் அடியில் புகுந்தால் சாமான் மட்டுமா போகும், பின்னால் வருகிறவர் உயிரும்தான். முழங்காலால் அழுத்தித்தான் மூட முடிகிறது என்றால், நல்ல பூட்டையும் நீங்களே கெடுக்கிறீர்கள்.

"மழை நீர் புகாது" என்பதும் பாதி உண்மைதான். மூடி இடுக்கிலும் பயன்படுத்தாத துளைகளிலும் வேகக் காற்று நீரை உள்ளே தள்ளும். துளைகளை டேப்பால் அடைத்து, தூங்கும் பைகளைத் தடித்த பாலித்தீன் உறையில் கட்டி வையுங்கள்.

கிளம்பி 50 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி நான்கு கிளாம்பையும் கையால் ஆட்டிப் பாருங்கள். பிறகு தினமும் காலையில் ஒருமுறை. பெட்டித் தயாரிப்பாளர்கள் பலர் 130 கிலோமீட்டர் வேகத்தை உச்சமாகச் சொல்வார்கள். சாமானோடு பக்கக் காற்றில் 100க்கு மேல் போவது முட்டாள்தனம். எரிபொருளும் நெடுஞ்சாலையில் 10 முதல் 25 சதவீதம் வரை கூடுதலாகக் குடிக்கும். தரையிலிருந்து பெட்டி உச்சி வரை டேப்பால் அளந்து, அந்த எண்ணை ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுக்குக் கார் நிறுத்தத்தின் உயரத் தடுப்புக் கம்பியில் மோதி நொறுங்கிய பெட்டிக்குக் கடைக்காரரும் பொறுப்பில்லை, காப்பீடும் பல நேரம் கைவிரிக்கும்.

திருப்பும் நாளில் பெட்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோங்கள், அழுக்குக்கும் தனிக் கட்டணம் வைப்பவர்கள் உண்டு. கழற்றித் தரையில் வைத்ததும் அவர் முன்னாலேயே மறுபடி அதே வீடியோ, நான்கு கிளாம்பும் இரண்டு சாவியும் எண்ணி ஒப்படைப்பு. "பார்த்துட்டு நாளைக்கு அனுப்பறேன்" என்றால் நகராதீர்கள். டெபாசிட் கைக்கு வந்த பிறகு வண்டியை எடுங்கள்.