தமிழ்99-ஆ, ஒலிபெயர்ப்பா?

வாட்ஸ்அப்பில் நாலு வரி போடுபவருக்கு ஒலிபெயர்ப்பு விசைப்பலகையே போதும். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டினால் தமிழ் வந்துவிடும், புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை. தொல்லை லகர, ளகரத்தில்தான். ஷிஃப்டை அழுத்த மறந்தால் ‘பள்ளி’ பல்லியாகிவிடும். "நாளைக்குப் பல்லி லீவு" என்று அக்காவுக்கு அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை வேறு ரகம். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ளகரத்துக்குத் தனி விசை, ஷிஃப்ட் வேண்டாம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். அ, ம, ம, ஆ என நாலே தட்டில் ‘அம்மா’ வந்துவிடும், ஒலிபெயர்ப்பில் ஐந்து (ammaa). ‘தங்கம்’ எழுதும்போது ங-வுக்கு அடுத்து க தட்டினாலே ‘ங்க’ ஆகிவிடுகிறது. தமிழ் இலக்கணம் தெரிந்தவர் வடிவமைத்தது போலிருக்கும்!

முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கும் விரல் தடுமாறியது. ஆனால் கணினியில் தினம் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்பவர் என்றால், யோசிக்காமல் தமிழ்99 பக்கம் வந்துவிடுங்கள். கைபேசியில் நான் இன்னும் ஒலிபெயர்ப்புதான்.