கருங்கண்ணியா, கம்போடியாவா: நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பருத்திக் கணக்கு

1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோவில்பட்டிப் பக்கமோ கோயமுத்தூர்ப் பக்கமோ பருத்தி போட நினைத்த சம்சாரிக்கு, அதாவது விவசாயிக்கு, முன்னால் இரண்டு விதைகள் இருந்தன. ஒன்று, கரிசலில் காலங்காலமாக விளைந்த கருங்கண்ணி. இன்னொன்று, 1905 வாக்கில் சென்னை மாகாணத்துக்குள் வந்து சில ஆண்டுகளிலேயே பரவிவிட்ட கம்போடியா. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி அரசு வேளாண் பண்ணை, சைதாப்பேட்டையிலிருந்து கோயமுத்தூருக்கு மாறிய வேளாண் கல்லூரி, பஞ்சு வாங்கும் மில்கள் என ஆளுக்கு ஒரு யோசனை சொன்ன காலம் அது.

இழை நீளமான கம்போடியா வந்தது, நாட்டுப் பருத்தி பின்வாங்கியது என்று இந்தக் கதையை ஒரே வரியில் முடித்துவிடுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த விதை என்பதை முடிவு செய்தது பஞ்சைவிடக் கிணறும் மாடும்தான். கம்போடியாவை வேண்டாமென்ற கரிசல்காரரும் விரும்பி எடுத்துக்கொண்ட தோட்டக்காரரும் அவரவர் நிலத்தில் சரியாகவே கணக்குப் போட்டார்கள்.

முதலில் பஞ்சு. கம்போடியாவின் இழை சுமார் ஓர் அங்குலம். கருங்கண்ணி கிட்டத்தட்ட முக்காலே அரைக்கால் அங்குலம். பருத்தியை அரைத்து விதையைப் பிரித்தால் கம்போடியாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பஞ்சாக வரும், கருங்கண்ணியில் அதைவிடக் கொஞ்சம் குறையும். மெல்லிய நூல் நூற்க விரும்பிய மில் எதற்குக் கூடுதல் விலை கொடுக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. விளைச்சலிலும், தண்ணீர் பாய்ச்சிய கம்போடியா மானாவாரிக் கருங்கண்ணியைப்போல் இரண்டு மூன்று மடங்கு கண்டது. இந்த இரண்டை மட்டும் பார்த்தால் பேச்சு இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் கருங்கண்ணிக்குக் கிடைத்த குறைந்த விலைக்குக் கருங்கண்ணி மட்டும் காரணமில்லை. திருநெல்வேலிப் பருத்தி என்று கப்பல் ஏறியதில் கருங்கண்ணியும் உப்பம் என்ற இன்னொரு நாட்டு ரகமும் கலந்திருந்தன. போதாக்குறைக்குப் புளிச்சை என்ற மட்டமான ரகமும் சேர்ந்துகொண்டது. புளிச்சையின் இழை குட்டை, முரடு. ஆனால் அரைத்தால் பஞ்சு அதிகம் வரும், அதனால் வியாபாரிகளுக்கு அது பிடித்துப்போனது. ஜின்னிங் பாக்டரியிலிருந்து விதை வாங்கிய சம்சாரி, தான் என்ன விதைக்கிறோம் என்று தெரியாமலே புளிச்சையை விதைத்தார். கோவில்பட்டிப் பண்ணை செய்த பெரிய உதவி இங்கேதான். தேர்ந்தெடுத்த சுத்தமான கருங்கண்ணி விதையைக் கொடுத்துப் புளிச்சையை விரட்டப் பாடுபட்டது. கை வீசி விதைப்பதற்குப் பதிலாக வரிசையில் விதைத்து, இடையில் மாடு பூட்டிக் களையெடுக்கவும் கற்றுக்கொடுத்தது. மானாவாரிக்காரருக்குப் புது ரகத்தைவிட இந்த இரண்டு யோசனைகள்தான் அதிகம் பயன்பட்டன என்பேன். காசு அதிகம் கேட்காத யோசனைகள் அவை.

மண் விஷயத்தில் சண்டையே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய கரிசல் மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கருங்கண்ணி ஆழமாக வேர் விட்டு அதைக் குடித்தே மாசி, பங்குனியில் வெடிக்கும். கோடை மழை விழுந்தால் இரண்டாவது எடுப்பும் உண்டு. அந்த நிலத்தில் கிணறு தோண்டினால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். அங்கே தண்ணீரில்லாமல் கம்போடியாவைப் போட்டவருக்கு மழை தவறிய வருஷத்தில் இலை சிவந்து, செடி நின்ற இடத்திலேயே நின்றுபோகும். செம்மண்ணும் நல்ல தண்ணீருள்ள கிணறும் இருந்தால் கம்போடியாவுக்கு இணை கிடையாது.

இனி, என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டின் உயிரான இடம்: அந்தத் தண்ணீரை இறைப்பது யார்?

கொங்குநாட்டுக் கிணறுகள் பாறையை உடைத்து இறக்கியவை, ஆழம் அதிகம். இறைப்பது கவலை என்ற மாட்டு இறவையில். வடத்தை இழுத்துக்கொண்டு மாடுகள் சரிவில் இறங்கும், தோல் பறி மேலே வந்து வால் வழியாகத் தண்ணீரைக் கொட்டும். பிறகு அதே மாடுகள் பின்னோக்கி நடந்தே மேலேறும். விடிவதற்கு முன்னால் தொடங்கி ஒரு ஜோடி இழுத்தாலும் ஒரு நாளில் ஏக்கரில் ஒரு பகுதிதான் நனையும். மாடு ஓட்ட ஓர் ஆள், மடை மாற்றித் தண்ணீர் கட்ட இன்னோர் ஆள் வேண்டும். கம்போடியா பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு தண்ணீர் கேட்கும் செடி. ஆக, கம்போடியாவின் வரவுக் கணக்கை எழுதும்போது செலவுப் பக்கத்தில் முதல் வரியாக மாட்டை எழுத வேண்டும்.

காங்கேயம் மாடு இல்லாவிட்டால் கோயமுத்தூரில் கம்போடியா இவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது என்று நான் நம்புகிறேன். அந்த மாட்டை வளர்த்தது கொரங்காடு. கிளுவை வேலி அடைத்து, கொழுக்கட்டைப் புல் வளர்த்து, நடுநடுவே வெள்வேல மரம் விட்ட மேய்ச்சல் நிலம் அது. புல் காய்ந்த கோடையில் வேலங்காய் தீவனமாகும். ஆனால் கவலை இழுக்கும் மாட்டுக்கு மேய்ச்சல் மட்டும் போதாது. சோளத்தட்டு வேண்டும், ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டை வேண்டும்.

சிக்கல் வருவதும் இங்கேதான். தோட்டத்தில் சோளம் போட்ட இடத்தையெல்லாம் பருத்தி பிடித்துக்கொண்டால் தட்டுக்கு எங்கே போவது? பருத்தியைக் கொட்டையோடு அப்படியே விற்றவர், தன் மாட்டுக்குக் கொட்டையைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். விலை நன்றாக இருந்த வருஷத்தில் இது தெரியாது. விலை விழுந்த வருஷத்தில் மாடு மெலிந்துபோகும், மெலிந்த மாட்டால் இறைக்க முடியாது, அடுத்த பருத்தியும் போகும்.

கரிசல்காரருக்கு இந்தச் சங்கிலி கிடையாது. அவர் மாடு உழவுக்கும் வண்டிக்கும்தான். ஒரு வருஷம் கம்போ சோளமோ, மறுவருஷம் பருத்தி என்று மாற்றிப் போடுவதால் தட்டு அதே நிலத்திலிருந்து வந்துவிடும். எருவுக்கு ஆட்டுக்கிடை வைப்பார். வரவு குறைவுதான். ஆனால் கடன் வாங்காமல் ஒரு பஞ்ச வருஷத்தைத் தாண்ட அது போதும்.

மூன்றாவது வழியாக, சென்னை அரசின் தொழில் துறையில் இருந்த பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் எண்ணெய் எஞ்சின் பம்பை முன்வைத்தார். யோசனை நல்லதுதான். ஆனால் ஊற்று நிறைய உள்ள கிணறும் கையில் முதலும் இருந்தவர்களுக்கு மட்டுமே அது எட்டியது. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான் கொங்குநாட்டில் கவலை மெல்ல ஓய்ந்தது.

பூச்சிக் கணக்கில் கம்போடியாவுக்கு அடி பலம். தண்டுக் கூன்வண்டு அடித்தண்டுக்குள் குடைந்து வீங்க வைக்கும், காற்றடித்தால் செடி அந்த இடத்தில் முறியும். இரண்டாவது எடுப்புக்கு ஆசைப்பட்டு ஆடி வரை செடியை விட்டு வைத்தால் கூன்வண்டும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் அடுத்த பயிருக்குத் தங்கிவிடும். அதனால்தான் 1919இல் பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டம் வந்தது, குறித்த தேதிக்குள் பருத்திமாரை, அதாவது எடுத்து முடித்த செடியை, பிடுங்க வேண்டும் என்று கட்டாயமானது. சம்சாரிக்கு இது வலித்திருக்கும், கடைசி எடுப்பு கையை விட்டுப் போகிறதே! ஆனாலும் நான் சட்டத்தின் பக்கம்தான் நிற்பேன். ஒருவர் விட்டு வைக்கும் செடி பக்கத்துத் தோட்டத்தையும் அழிக்கும். ஆடுகளை விட்டு மிச்சக் காயை மேயவிட்டு, பிறகு மாரைப் பிடுங்கி அடுப்புக்கு எடுத்துக்கொண்டால், அடுப்புக்கு வறட்டி தட்ட வேண்டிய சாணமும் வயலுக்கு மிஞ்சும். வாடல் நோய் மட்டும் இதற்கு நேர்மாறு. அது நாட்டுப் பருத்தியைத் தாக்கும், கம்போடியாவை விட்டுவிடும்.

சரி, எதைப் போட்டிருக்க வேண்டும்? கரிசல், மானாவாரி என்றால் சுத்தமான கருங்கண்ணி விதை, வரிசை விதைப்பு. மில்காரர் என்ன சொன்னாலும் இதுதான். செம்மண்ணும் வற்றாத கிணறும் நல்ல மாடும் இருந்தால் தயங்காமல் கம்போடியா. நடுவில் மாட்டிக்கொண்டவர்தான் பாவம்: கிணறு உண்டு, மாசியில் வற்றிவிடும். அவர் கிணற்றை ஐப்பசியில் நிறைந்திருக்கும்போது அளக்கக் கூடாது. மாசியில் எவ்வளவு நனைக்க முடியுமோ அவ்வளவு நிலத்துக்கு மட்டும் கம்போடியா போட்டு, மீதியைத் தட்டுச் சோளத்துக்கு விட்டால், பருத்தி எடுத்து முடிக்கும்வரை மாட்டுக்குத் தீவனம் கையிலிருக்கும்.